பின்பக்கம் மட்டும் தூக்கிய வண்டி

எங்கள் வண்டியைக் காலியாக நிறுத்தினால், மாடு தொட்டியில் தண்ணீர் குடிப்பதுபோல் நிற்கும். பின்பக்கம் மேலே, மூக்கு கீழே. தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார்கள். ஏதோ பழுது என்று நினைத்து என் வீட்டுக்காரரிடம் நல்ல மெக்கானிக் பேர் சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. பழுதில்லை, காசு கொடுத்துத்தான் இப்படிச் செய்துகொண்டோம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

பல கை மாறி வந்த பிக்கப் அது. தேவிகாபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து ஆரணி மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றுவார், அறுப்புக் காலத்தில் மில்லுக்கு நெல் ஏற்றுவார். நான் வீட்டில் பட்டுத்தறியில் இருக்கிறேன். வீட்டில் இரண்டு வருமானம் என்று ஊருக்குள் பேர். இரண்டையும் சேர்த்தால்தான் ஒரு வருமானம் ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும்.

நெல் ஏறினால் வண்டியின் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும். வயலோரத்துப் பாதையில் அடிவயிறு தட்டும். ஒரு போகத்தில் இரண்டு முறை சேற்றில் மாட்டி, டிராக்டர் வைத்து இழுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு நெல்காரர்கள் உயரமான வண்டிகளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, அவரவர் நெல் அவரவருக்கு.

"தூக்கிட வேண்டியதுதான்" என்றார் இவர்.

வண்டியைத் தூக்குவதென்றால், சக்கரத்துக்கு மேலே வில்போல் அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகளோடு இன்னும் சில பட்டைகளைச் சேர்த்து உடம்பை உயர்த்துவது. முன்னும் பின்னும் புதிதாகப் போட எங்களால் முடியாது. காயலாங்கடையில் பழைய லாரிப் பட்டை கிடைத்தது. அதைப் பட்டறையில் கொடுத்து வெட்டி, பழுக்கக் காய்ச்சி, அடித்து வளைத்து மாட்டினார்கள். கையிலிருந்தது பின்பக்கத்துக்கே சரியாகிவிட்டது. முன்பக்கத்தை அடுத்த போகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எங்கள் வீட்டில் அடுத்த போகத்துக்கென்று ஒத்திப்போட்டவை ஒரு பரண் நிறைய இருக்கின்றன.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று வாசலில் நின்று பார்த்தேன்.

"இன்னாங்க இது, முன்னாடி கவுந்துகினு நிக்குது?"

"லோடு ஏறினா சமமாயிடும்."

பொய் சொல்லவில்லை. நெல் மூட்டை ஏறினால் வண்டி சமமாகி, ஒழுங்காகவே ஓடியது. நெல்காரர்களும் திரும்பக் கூப்பிட்டார்கள். ஆனால் லாரியைச் சுமந்த பட்டை இந்தச் சின்ன வண்டியை எங்கே மதிக்கும்? காலியாகப் போனாலும், தக்காளிபோல் லேசான சரக்கு ஏற்றினாலும் உதைத்து எடுத்தது. அடியிலிருந்த பெட்டிகளில் தக்காளி நசுங்க ஆரம்பித்தது.

அதிலிருந்துதான் அவருக்கு அந்தப் பழக்கம் வந்தது. காய்கறி வாங்க நானும் சில விடியற்காலைகளில் கூடப் போவேன். கடைசிப் பெட்டியை இறக்கியதும், மண்டிக்காரர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

"பார்த்துக்குங்கண்ணா, நசுங்கல் எதுவும் இல்லியே?"

மண்டிக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரே பதிலைச் சொல்வார்: "மேல நல்லாத்தான் இருக்கும். அடிப்பெட்டிய பார்த்துட்டு சொல்றேன்."

அடிப்பெட்டியைப் பார்க்கிறவரைக்கும் இவர் முகம் தேர்வு எழுதின பிள்ளையின் முகமாக இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து ஒரு நாளாவது எப்படி இருக்கிறாய் என்று கேட்ட மனுஷன் இல்லை. குழியில் காலைத் தொங்கப்போட்டு நாள் முழுக்கத் தறி மிதித்து எழுந்து வந்தாலும், "சோறு ஆச்சா?" என்பதுதான் வரும். தக்காளிக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு உதிரப்போக்கு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. தறியில் இருக்கிற புடவை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். ஒன்று முடிந்தால் அடுத்த பாவு ஏறிவிடும். கடைசியில் ஒரு நாள் தறியைவிட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. வேலூரில் பெரிய டாக்டரம்மா பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும் என்றார்.

அட்மிஷனுக்கு எங்கள் வண்டியில்தான் போனோம், காலி வண்டியில். சீட் முன்பக்கம் சரிந்திருந்ததால் நான் வழுக்கி வழுக்கி முன்னால் வந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் எழும்பி விழுந்தேன். விழும்போதெல்லாம் அடிவயிற்றில் கத்தி இறங்கியது. கண்ணமங்கலம் தாண்டும்போது வாயைத் திறந்தேன்.

"இனிமே இந்த வண்டில நான் ஏற மாட்டேன். வரும்போது பஸ்ல நின்னுகினாவது வரேன்."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த மகள் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். இவர் பகலில் வண்டி ஓட்டிவிட்டுச் சாயங்காலம் வந்து கட்டிலோரம் கொஞ்ச நேரம் நிற்பார், பிறகு போய்விடுவார். டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் நர்ஸம்மா அவரிடம் சொன்னார்.

"தையல் பச்சையா இருக்குது. குலுங்காம கூட்டினு போங்க. கார்தானே?"

"வண்டி இருக்குதுங்க."

நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். மகள்தான் கேட்டாள், "கார் வெச்சிக்கலாமேப்பா." பார்த்துக்கறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கையில் இருந்ததைப் பட்டையும் மருந்தும் தின்றுவிட்டன என்பது எனக்கும் தெரியாததில்லை. தெரிந்து என்ன செய்வது? அந்த உதையை நினைத்து எனக்கு அன்றிரவு தூக்கமே இல்லை. பயந்தேன். இந்த வயிறு தாங்காது என்று பயந்தேன்.

மறுநாள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு கீழே வந்தேன். வாசலில் எங்கள் வண்டி நின்றுகொண்டிருந்தது. குனியாமல், சமமாக. பின்னால் மூட்டை மூட்டையாக அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டியிருந்தது.

லோடு! என்னைக் கூட்டிப்போக வரும்போதும் ஒரு வாடகை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்குத் தையல் பிரிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

"லோடா?" என்றேன்.

"ம். மெதுவா ஏறு."

வீட்டிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்திருந்தார். அதன்மேல் காலை வைத்து ஏறினேன். சீட்டில் தக்காளி வாடை. சீட் உறையின் தையலோரம் காய்ந்த விதைகள் ஒட்டியிருந்தன. துடைக்கக்கூட அவருக்கு நேரமில்லை. மகள் அங்கிருந்தே செய்யாறு பஸ் பிடித்துத் தன் வீட்டுக்குப் போவதாக இருந்தாள். போகும்போது ஜன்னல் வழியாக என் கையை அழுத்தினாள், "கோச்சிக்காதம்மா" என்றாள்.

வண்டி ஊர்ந்தது. பின்னால் வந்த பஸ்கள் ஹாரன் அடித்து அடித்து முந்திப் போயின. வழக்கமாக ஜல்தி ஜல்தி என்று பறக்கிற மனுஷர் ஒருவரையும் திட்டவில்லை. நான் இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கியபடி ஒவ்வொரு வேகத்தடைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஏறுவது தெரிந்தது, இறங்குவது தெரிந்தது. அடி மட்டும் விழவில்லை. கண்ணமங்கலம் வந்தபோது என் கைகள் தாமாகவே மடியில் இறங்கியிருந்தன.

அப்போதும் மனசு ஆறவில்லை. நெல் மூட்டை இருப்பதால் வண்டி உதைக்கவில்லை, நெல்லுக்காக மெதுவாகப் போகிறார், அந்தப் புண்ணியத்தில் நானும் பிழைத்தேன் என்று நினைத்தேன். நெல்லோடு நெல்லாக நானும் ஒரு மூட்டை.

"எங்க இறக்கணும்?"

"நம்ம வூட்டாண்ட."

அடுத்தவர் நெல்லை நம் வீட்டில் அடுக்கப் போகிறாரா என்று கேட்க வாய்வரை வந்தது. அசதியில் விட்டுவிட்டேன்.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் எதிர்வீட்டு அக்கா ஓடிவந்தார். "அப்படியே உக்காரு, இவரு மூட்டைய இறக்கி வழி பண்ணட்டும், அப்புறம் இறங்கலாம்" என்று கதவோரம் நின்றுகொண்டார். இவர் தார்ப்பாயை அவிழ்த்து மூட்டைகளை ஒவ்வொன்றாக முதுகில் வாங்கிச் சுவரோரம் போட்டார். ஒரு மூட்டையின் வாய் அவிழ்ந்து கொட்டியது. கறுப்பு மண். அதில் கோரைக்கிழங்கும் நத்தை ஓடும் கிடந்தன.

"இன்னாண்ணா இது! ஏரி மண்ணையா வேலூருக்குக் கூட்டினு போய் சுத்திக் காட்டினு வந்தீங்க?" என்றார் அக்கா.

அவர் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"காலியா போனா உதைக்கும்மா. நேத்து கொஞ்சம் மூட்டை போட்டு, சீட்ல தக்காளிப் பெட்டிய வெச்சி கண்ணமங்கலம் வரிக்கும் ஓட்டிப் பார்த்தேன். நசுங்கிப்போச்சி. திரும்ப வந்து இன்னும் ரொப்பி ஏத்தினேன். அப்புறமும் ரெண்டு மூணு நசுங்குச்சி. பேஜாரா போச்சி. கடசீ வாட்டிதான் ஒண்ணுகூட நசுங்கல."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் அந்தப் பெட்டி உட்கார்ந்து போய்வந்திருக்கிறது. வேலூரிலிருந்து பொத்திக் கொண்டுவந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அவர்மேல் அப்படி ஒரு ஆசை வந்தது. கூடவே, இதை வாயால் சொல்லித் தொலைத்தால் என்ன என்ற எரிச்சலும் வந்தது.

கடைசி மூட்டையைப் போட்டுவிட்டு என் பக்கத்துக் கதவருகே வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. என் வயிற்றைப் பார்த்துக்கொண்டு, கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நசுங்கல் எதுவும் இல்லியே?"

மண்டியில் கேட்கிற அதே குரல்.

"மேல நல்லாத்தான் இருக்குது. அடிப்பெட்டிய பார்த்துட்டு சொல்றேன்" என்றேன்.

எதிர்வீட்டு அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தால் தையல் இழுக்கும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். அதனால் நான் சிரிக்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் ஸ்டூலை எடுத்துவந்து, ஆடுகிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, என் காலடியில் போட்டார்.