தள்ளுபடி திருப்பிவிட்ட லிங்க்

பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லித் தேடினால் எங்கள் தெருவில் யாருக்கும் ஆளைத் தெரியாது. தள்ளுபடி என்றால்தான் தெரியும். குக்கர் பாதி விலை, செருப்பு ஒன்று வாங்கினால் ஒன்று என்று விடிந்ததிலிருந்து எல்லோருடைய போனிலும் அவன்தான் கூவிக்கொண்டிருப்பான். நான் கிண்டலுக்கு வைத்த பெயர் அது. மனுஷன் கோபப்படவே இல்லை, தன் குரூப்புக்கும் அதையே பெயராக வைத்துக்கொண்டான்.

நான் போன் ரிப்பேர் செய்கிறவன். கூரியர் கோடவுனில் பெட்டி தூக்கித் தூக்கி முதுகு போன பிறகு, என் கடையின் பின்சுவரோரம் ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்தவன் தள்ளுபடி. இன்டர்நெட் என்னுடையது, ஃபேன் என்னுடையது, டீயும் என்னுடையது. வாடகை என்று வாயைத் திறந்தால், "உன் கடைக்கு ஆள் வர்றதே என்னப் பாக்கத்தான்" என்பான். அதில் பாதி உண்மை என்பதால் நானும் பேசாமல் இருந்துவிடுவேன்.

அவன் தொழில் பெரிய கம்பசூத்திரம் இல்லை. இணையத்தில் விற்கும் கடைகள் அவனுக்கென்று ஒரு லிங்க் கொடுக்கும். அதை அமுக்கிப் போய் யாராவது பொருள் வாங்கினால் அவனுக்குக் கமிஷன். கடைக்காரன் தரும் லிங்க் நாலு வரிக்கு நீளும், பார்த்தாலே ஜனங்கள் மிரள்வார்கள். அதனால் அதைச் சுருக்கி அனுப்ப வேண்டும். ஆரம்பத்தில், நடுவில் விளம்பரம் காட்டி அமுக்கலுக்கு இவ்வளவு என்று சில்லறை தரும் ஒரு தளத்தில் சுருக்கினான். குக்கர் பார்க்கப் போனவர்கள் சூதாட்ட விளம்பரத்தை மூடத் தெரியாமல் தவித்துப்போய் என் கடைக்கு வந்து போனை நீட்டினார்கள். "நீ பண்ற கூத்துக்கு நான் பதில் சொல்லணுமா" என்று ஒருநாள் சத்தம் போட்டேன். அதன்பிறகு தானே சொந்தமாக ஒரு சுருக்குத் தளம் வைத்துக்கொண்டான்.

அங்கேதான் வசதியும் வந்தது, வினையும் வந்தது. சுருக்கிய லிங்க் ஒருமுறை வெளியே போனால் அது மாறாது. ஆனால் அது போய்ச் சேரும் இடத்தை அவன் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பொருள் தீர்ந்துபோனாலோ கமிஷன் நின்றாலோ, அந்தச் செத்த லிங்க்கை நன்றாகக் காசு தரும் வேறு பொருளுக்குத் திருப்பிவிடுவான். பழைய லிங்க்கை யார் எந்த குரூப்பில் போட்டு வைத்திருந்தாலும், அமுக்கினால் புதுப் பொருள் வந்து நிற்கும். இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் செய்வதுதான் என்பான். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற யாருக்குப் பொறுமை இருக்கிறது? சமையல் சாமான் ஒரு கட்டு, துணிமணி ஒரு கட்டு, உடம்பு சம்பந்தப்பட்டது ஒரு கட்டு. கட்டோடு தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் திருப்பிவிடுவான்.

அவனுக்கு ஒரு அக்கா. ஒரு லாண்டரியில் நாளெல்லாம் ஈரத் தரையில் நின்று துணி பிழிகிற வேலை. சர்க்கரை வியாதி வந்து ஊசி வரைக்கும் போயிருந்தது. விரலில் குத்திப் பார்க்கிற ஸ்ட்ரிப் கடையில் விலை அதிகம் என்று அவள் புலம்பியபோது, மலிவாகக் கிடைக்கிற இடத்தைத் தேடி அவளுக்கென்றே ஒரு லிங்க் போட்டுக் கொடுத்தான். அவன் செய்த வேலையிலேயே உருப்படியானது அதுதான் என்று நான் நினைத்ததுண்டு. அக்கா சும்மா இருப்பாளா? லாண்டரிப் பெண்கள் எல்லோருக்கும் அனுப்பினாள், க்ளினிக்கில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினாள். அவர்கள் வேறு யார் யாருக்கோ அனுப்பினார்கள். தம்பி புராணம் பாட அவளுக்கு அது ஒரு சாக்கு. வாங்குவதற்கு முன் ஏதாவது சந்தேகம் கேட்டால் மட்டும் இவன் எரிந்து விழுவான். "நான் பாக்காமயா போடுவேன்? கண்ண மூடிக்கிட்டு அமுக்குக்கா."

பிறகு ஸ்ட்ரிப் விற்கிறவன் கமிஷனை நிறுத்தினான். அதே நேரம் ஒரு பொடிக் கம்பெனி வந்தது. காலையில் ஒரு ஸ்பூன் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் சர்க்கரை இறங்கும், ஊசி வேண்டாம், விரலைக் குத்தவும் வேண்டாம் என்று வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்கிற விளம்பரம். மற்றவர்கள் கொடுத்ததைவிடப் பல மடங்கு கமிஷன். "அதுல என்ன இருக்குன்னு பாத்தியா?" என்று கேட்டேன். "விக்கிறவன் பாத்திருப்பான். நான் வழி காட்டுறவன், அவ்வளவுதான்" என்றான். உடம்பு சம்பந்தப்பட்ட லிங்க் கட்டை மொத்தமாகத் தேர்ந்தெடுத்துப் பொடிக்குத் திருப்பிவிட்டு, எனக்கும் சேர்த்து டீ சொன்னான். அக்காவின் லிங்க்கும் அந்தக் கட்டில்தான் இருந்தது. அது அவன் ஞாபகத்திலேயே இல்லை.

அக்கா ஸ்ட்ரிப் வாங்க அமுக்கினாள். பொடி வந்தது. யாராக இருந்தாலும் ஏதோ தப்பாக வந்திருக்கிறது என்று நினைப்பார்கள். அவள், தம்பி இதைவிட நல்லதாகப் பார்த்து மாற்றி வைத்திருக்கிறான் என்று நினைத்தாள். போன் போட்டுக் கேட்டால் திட்டுவான் என்று கேட்கவும் இல்லை. பொடியை வாங்கிக் குடிக்கத் தொடங்கினாள், ஊசியை நிறுத்தினாள். ஸ்ட்ரிப்பும் தீர்ந்துபோனதால் சர்க்கரை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை. காலில் செருப்பு கடித்த ஒரு சின்னப் புண், லாண்டரித் தண்ணீரில் ஊறி ஊறிக் கறுத்தது. வலி தெரியவில்லை. வலிக்கவில்லை என்றால் ஆறுகிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டாள், பாவி.

வேலை செய்கிற இடத்தில் மயங்கி விழுந்தவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தள்ளுபடியை என் வண்டியில் உட்கார வைத்து நான்தான் கூட்டிப்போனேன். வார்டில் கட்டில்களுக்கு நடுவே ஒரு ஆள் நடக்கத்தான் இடம். அக்காவின் காலைத் துணியால் மூடியிருந்தார்கள். அப்படியும் நாற்றம் அடித்தது.

ஒரு நர்ஸம்மா சீட்டைப் பார்த்துக்கொண்டே, "ஊசிய யாரும்மா நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல மேடம். பொடி சாப்பிடுறேன். என் தம்பி அனுப்புனது." சொன்னபோது அந்த நிலையிலும் அவள் முகத்தில் ஒரு பெருமை. "இதோ நிக்கிறானே, இவன்தான்."

நர்ஸம்மா அவனை ஏறஇறங்கப் பார்த்தார். மறுபடி சீட்டில் எழுதத் தொடங்கினார். நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று எனக்கு இருந்தது.

"எந்தப் பொடிக்கா?" என்றான் தள்ளுபடி. அவன் குரல் ஏற்கனவே இறங்கிவிட்டிருந்தது.

"என்னடா இது, நீ அனுப்புன லிங்க்ல வந்ததுதான். தம்பி, அத இன்னொரு தடவ அனுப்பேன். பக்கத்துக் கட்டில் அம்மா கேக்குறாங்க. அவங்களுக்கும் சர்க்கரைதான்."

பக்கத்துக் கட்டில் அம்மா தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். தள்ளுபடி கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

"அக்கா, அது வேணாம். அவங்களும் வாங்க வேணாம். காசு அதிகமா குடுத்தாங்கன்னு திருப்பி விட்டேன். உன் லிங்க்கும் அதுல இருக்குன்னு எனக்குத் தெரியாது. அந்தப் பொடி என்னன்னே எனக்குத் தெரியாதுக்கா."

அக்கா அவனையே பார்த்தாள்.

"நீ அனுப்புனதுன்னுதானேடா சாப்பிட்டேன்" என்றாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அக்காவின் காலைக் கணுக்காலுக்கு மேலே வரை எடுக்க வேண்டியதாயிற்று. எனக்கு அவன்மேல் அப்படியொரு ஆத்திரம். மேஜையைத் தூக்கித் தெருவில் போடலாம் என்று கடைக்கு வந்தேன். அவன் அங்கே உட்கார்ந்து கம்ப்யூட்டரை வெறித்துக்கொண்டிருந்தான். அந்த லிங்க் வழியாக எத்தனை டப்பா பொடி போயிருக்கிறது என்று அதில் எண் காட்டியது. வாங்கியவர்கள் யார், எந்த ஊர், என்ன பெயர், ஒன்றும் காட்டவில்லை. "அதையெல்லாம் எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க" என்றான். இத்தனை பேரில் அவனுக்கு முகம் தெரிந்தது அக்கா ஒருத்தியைத்தான். அதற்குமேல் எனக்கு மேஜையில் கைவைக்க மனசு வரவில்லை.

அன்றைக்கே அந்த லிங்க் கட்டு முழுவதையும் மறுபடி திருப்பினான். இந்தமுறை ஒரு வெற்றுப் பக்கத்துக்கு. "இந்தப் பொடியைச் சாப்பிடாதீர்கள். ஊசியை நிறுத்தியிருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்" என்று எழுதி, கீழே தன் போன் நம்பரையும் போட்டான். இன்னொரு டப்பா வாங்க வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள். வராதவர்களுக்கு அவன் என்ன செய்ய முடியும்?

அக்காவை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு தினமும் போய் வந்தான். கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவதும், குளியலறை வரை தாங்கிப்போவதும் அவன்தான். முதுகு வலியைப் பற்றி மூச்சு விடவில்லை. அக்கா அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டாள், தூக்கினால் தோளைப் பிடித்துக்கொண்டாள், அதோடு சரி. ஒருநாள் அவர்கள் வீட்டு டிவி ரிமோட்டைச் சரிபார்க்க நானும் போயிருந்தபோது அவன் போன் அடித்தது. கைவேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான். ஒரு பெண் குரல்.

"அண்ணே, லிங்க் திறந்தா ஏதோ எழுதியிருக்கு, பொடி வரவே மாட்டேங்குது. வேற லிங்க் இருந்தா அனுப்புங்களேன்."

"அம்மா, அந்தப் பொடி வேணாம். அத சாப்பிட்டுத்தான் எங்க அக்காவுக்குக் கால எடுத்துட்டாங்க."

"ஐயோ பாவம். அவங்களுக்கு ஒத்துக்கல போலிருக்கு. எனக்கு நல்லா கேக்குதுண்ணே. ஊசி போடுறதயே விட்டுட்டேன்."

அவன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். கெஞ்சினான், அதட்டினான். அந்தப் பெண் விடுவதாக இல்லை. தர மனசில்லாவிட்டால் தரமுடியாது என்று சொல்லிவிடுங்கள் என்று கோபித்துக்கொள்ளவே தொடங்கிவிட்டாள். இவனுக்குக் குரல் உடைந்தது.

கட்டிலிலிருந்து அக்கா கையை நீட்டினாள். அவன் புரியாமல் விழித்தான். அவளே போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நான்தாம்மா அந்த அக்கா பேசுறேன். எனக்கும் நல்லாத்தான் கேட்டுச்சு. உடம்பு லேசா இருந்துச்சு. கால்ல புண்ணு இருக்கா, பாரு. வலிக்குதான்னு பாக்காத, புண்ணு இருக்கான்னு பாரு."

அந்தப் பக்கம் போனைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு மெல்லிய குரலில், "இருக்குக்கா" என்று கேட்டது.

அக்கா இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள், என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொன்னாள். பேசி முடித்துப் போனை அவன் பக்கம் நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"அடுத்த போன் வந்தா எங்கிட்டக் குடு" என்றாள்.