பாலத்தில் அணைந்துபோன பின்விளக்கு

கொச்சியில், மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு. எனக்கு வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம், துறைமுகத் தீவான ஐலண்டில், கப்பல் சரக்கு ஏஜென்ட் ஒருவரின் அலுவலகத்தில். மகளுக்கு அப்போது நாலு வயது. அலுவலகத்தை ஒட்டியே ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்ததால் அவளும் என்னோடு சைக்கிளில் வருவாள். கேரியரில் அவளுக்கென்று சாய்மானம் வைத்த சின்ன இருக்கை பொருத்தியிருந்தோம். மழைக்காலத்தில் வேலை முடிந்து கிளம்பும்போதே இருட்டிவிடும். தோப்பும்படிப் பாலமோ ஒடுக்கமானது. துறைமுகத்து லாரிகளுக்கும் அதுதான் வழி.

சைக்கிளில் டைனமோ இருந்தது. சக்கரம் சுற்றினால்தான் விளக்கு எரியும். பாலத்து ஏற்றத்தில் பிள்ளையை வைத்து மிதிக்க முடியாமல் நான் இறங்கித் தள்ளுவேன். அப்போது விளக்கு மங்கி அணைந்துவிடும். எங்கே வெளிச்சம் வேண்டுமோ சரியாக அங்கே இல்லாமல் போகும் ஒரு பொருளை யார் யோசித்துச் செய்தார்கள் என்று தினமும் கேட்டுக்கொண்டே தள்ளினேன்.

பேட்டரியில் மின்னும் சிவப்பு விளக்குகள் அப்போதுதான் கடைகளில் வர ஆரம்பித்திருந்தன. தோப்பும்படியில் ஒரு சைக்கிள் கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் மூன்று வகை எடுத்துப் போட்டார். எது தூரத்திலிருந்து தெரியும், எதற்குள் மழைத்தண்ணீர் போகாது என்று கேட்டேன்.

"சேச்சி, இது சைக்கிளுக்குத்தானே? ஆம்புலன்சுக்கு ஒண்ணும் இல்லல்லோ?" என்றார்.

ஒன்றை வாங்கிக்கொண்டு போய், மறுநாளே திருப்பிக் கொடுத்து வேறொன்று வாங்கினேன். அதை எங்கே பொருத்துவது என்பது அடுத்த தலைவலி. சீட்டுக் கம்பியில் வைத்தால் மகளின் இருக்கை மறைக்கும். மட்கார்டில் வைக்கலாம் என்றார் கடைக்காரர். அவ்வளவு தாழ்வாக வைத்தால் சேறு அடித்து மூடிவிடாதா, லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியுமா? வண்டிகள் முந்துவது வலப்பக்கம் என்பதால், இருக்கையின் சாய்மானத்தில் வலது கம்பியில்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கம்பி ஒல்லியாக இருந்தது. பழைய டியூபை வெட்டிச் சுற்றி, அதன்மேல் கிளிப்பை இறுக்கிக் கொடுத்தார்.

"கொச்சி முழுக்க வெளிச்சம் இல்லாமத்தான் சைக்கிள் ஓட்டுறான். உனக்கு மட்டும் லைட்ஹவுஸ் வேணும்," என்றார் என் கணவர்.

ஒரு வாரம் கழித்து, பாலத்தில் எங்களை உரசுவதுபோல் முந்திய ஆட்டோக்காரர் வண்டியை மெதுவாக்கித் தலையை நீட்டினார். "கொச்சுப் பிள்ளையையும் வச்சிட்டு லைட் இல்லாம போறியே, சேச்சி."

"லைட் இருக்கு சேட்டா, நல்லாப் பாருங்க," என்று நானும் சண்டைக்குப் போனேன். கையை நீட்டிக் காட்டியபடி திரும்பினேன். விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. உள்ளே ஏதோ கனெக்‌ஷன் விட்டுவிட்டுப் போகிறது என்று முடிவுசெய்தேன். கடைக்காரர் ஸ்பிரிங்கை நிமிர்த்தினார். பேட்டரியை மாற்றினார். தெருவில் ஓட்டச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தார். எரிந்தது. அலுவலகத்தில் கூட வேலை பார்த்தவரைப் பாலம் முழுக்க என் பின்னால் வரச் சொன்னேன். எரிந்தது என்றார். ஒருநாள் கணவரைக் கெஞ்சி ஐலண்டுக்கு வரவழைத்து, அவர் சைக்கிளில் பின்னாலேயே வரவைத்தேன்.

"எரியுது, எரியுது, எரிஞ்சுகிட்டே இருக்கு. பழுது லைட்டில இல்ல," என்றார்.

எனக்கே சந்தேகம் வந்தது. ஆட்டோக்காரர் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டேனோ? ஆனாலும் விட முடியவில்லை. அடுத்த நாள் மாலை, ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் சட்டென்று திரும்பினேன். விளக்கு அணைந்திருந்தது. மகள் உடம்பைத் திருப்பி, கையை வளைத்து, அதன் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"ஒரு வண்டி வருதும்மா. இப்பப் போடணும்," என்றாள். போட்டாள்.

"இதுவரைக்கும் ஏன் அணைச்சு வச்ச?"

"யாருமே இல்லையே. யாரும் இல்லாத இடத்துல லைட் எரியக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

சொன்னேன்தான். ஒவ்வொரு அறையாக அவளைக் கூட்டிப் போய் சுவிட்சைக் காட்டிப் பழக்கியவளும் நான்தான். பின்னால் ஆள் வந்தால் போட்டிருக்கிறாள், ஆள் இல்லாவிட்டால் அணைத்திருக்கிறாள். சோதிக்க வந்த அத்தனை பேருக்கும் விளக்கு எரிந்தது அதனால்தான். ஆட்டோ வேகமாக வந்ததில் அவளுக்குப் போடத் தாமதமாகியிருக்கிறது. அவள் கைக்கு எட்டும் அந்தக் கம்பியில்தான் வைக்க வேண்டும் என்று அடம்பிடித்ததும் நான். யாரைத் திட்டுவது? பாலத்தின் நடுவில் நின்று அவளைத்தான் திட்டினேன். அவள் அழுதாள். வீட்டுக்கு வந்ததும், திட்டியது தவறோ என்று நானும் அழுதேன்.

மறுநாள் காலையில் கடைக்காரரிடம் நடந்ததைச் சொல்லாமல், மட்கார்டுக்கு மாற்றித் தரச் சொன்னேன். "அதுதானே நான் முதல்லயே பறஞ்சது," என்றார். இனி விளக்கைப் போடவும் அணைக்கவும் நான் குந்தி உட்கார வேண்டும். சேறு படிந்தால் துடைக்க ஒரு துணியும் பையில் சேர்ந்தது.

விளக்கு எதற்கு என்று மகளுக்கு மறுபடி விளக்கினேன். அது நமக்கு வெளிச்சம் காட்ட இல்லை, தூரத்தில் வருகிறவனுக்கு நம்மைக் காட்ட. அவன் நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே நாம் அவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அவள் தலையாட்டினாள். எவ்வளவு புரிந்ததோ.

அன்று மாலை கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அலுவலக வாசலில் குந்தி விளக்கைப் போட்டேன். இரண்டு முறை எழுந்து, இரண்டு முறை மறுபடி குந்திப் பார்த்தேன். பாலத்தில் தள்ளிக்கொண்டு பாதி ஏறியபோது பின்னால் லாரியின் இரைச்சல் நெருங்கியது. ஹாரன் அடிக்கவில்லை. முந்தவும் இல்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால் உறுமிக்கொண்டே ஊர்ந்து வந்தது. திரும்பிப் பார்த்தால் சைக்கிள் சாய்ந்துவிடுமோ என்று நான் திரும்பவில்லை. மகள் இரண்டு கைகளாலும் இருக்கையைப் பிடித்திருந்தாள்.

"அம்மா, நம்மளப் பாத்துட்டானா?"

"பாத்துட்டான்," என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

எதிரில் வண்டி இல்லாத நேரம் பார்த்து லாரி வலப்பக்கம் நன்றாக ஒதுங்கி, நிறைய இடம் விட்டு எங்களைக் கடந்தது. விளக்கைப் பார்த்துத்தான் அப்படிப் போனானா என்று அவனை நிறுத்திக் கேட்கவா முடியும்?