மரண அறிவிப்பு வாங்கும் நேலிதா

மொந்தேவீதேயோ நகரத்தில் பத்திரிகையைக் கையில் எடுத்ததும் முதலில் மரண அறிவிப்புப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள். அமைச்சரவை கவிழ்ந்த செய்தியெல்லாம் அப்புறம். ஒலாசோ குடும்பத்துப் பத்திரிகையில் அந்தப் பக்கத்துக்கு முப்பத்தொரு வருடமாக நேலிதா பின்தோஸ் வைத்ததுதான் சட்டம். ஒலாசோ வீட்டில் செனட்டர் ஆகாத ஆண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தலையங்கம் எழுதாதவர் ஒருவர்கூட இல்லை. அந்தத் தலையங்கங்களில் நேலிதா ஒன்றையும் படித்ததில்லை.

“அதெல்லாம் ஒரு நாள் கூத்து. ஜனங்க வெட்டிப் பத்திரமா வச்சுக்கறது நம்ம பக்கத்தைத்தான்” என்பாள், மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே.

அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. பகைத்துக்கொண்டவரின் பெயர் பத்திரிகையில் வராது. விருந்தில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தாலும் ‘மற்றும் பலர்’தான். முதலாளி தோன் லெயாந்த்ரோவின் அண்ணன் ஹெர்வாசியோ எதிர்க்கட்சிக்குப் போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அவர் பெயரை அச்சேற்றினால் வேலை போகும் என்பது உத்தரவு. இரண்டு பெரிய மனிதர்களுக்குள் இப்படி ஒரு சின்னப்பிள்ளைத்தனம்!

அந்த ஊரில் ஜூலைதான் குளிர்காலம். அப்படி ஒரு ஜூலை மாதக் குளிரில், ஹெர்வாசியோவின் மகள் மாதில்தே நனைந்த கோட்டோடு, கையில் அறிவிப்பு எழுதிய தாளோடு கவுண்ட்டர் முன்னால் வந்து நின்றாள்.

“அப்பா போயிட்டார், நேலிதா. நாளைக்குக் காலையில அடக்கம். இதைப் போட முடியாதுன்னா சொல்லிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்.”

நேலிதா ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்தான் இருந்தது. மறுபேச்சில்லாமல் தாளை வாங்கி அச்சுக்கோக்க அனுப்பினாள். பக்கம் தயாரானதும், வழக்கம்போல் முதலாளி பார்ப்பதற்காக அவளே மாடிக்கு எடுத்துப் போனாள். அவரைக் கண்டதும் பாவமாக இருந்தது. அண்ணன் இறந்தது தெரிந்தும் மனிதர் தலையங்கம் எழுதிக்கொண்டிருந்தார்.

“இதை யார் வாங்கினது?”

“நான்தான், ஐயா.”

“உத்தரவு தெரியுமில்ல?”

“தெரியாம என்ன? உங்கம்மா தவறினப்போ உங்கண்ணன் என்கிட்ட வந்தார். ‘பிள்ளைங்க வரிசையில என் பேரையும் சேர்த்துடு நேலிதா’ன்னு கேட்டார். உங்க உத்தரவைக் காட்டித் திருப்பி அனுப்பினேன். கொட்டற மழையில தொப்பியைக்கூடப் போட்டுக்காம நடந்து போனார். இன்னொரு தடவை அந்தப் பாவத்தைச் செய்ய என்னால முடியாது. வேலையை எடுத்துக்குங்க.”

கிழவரின் முகம் வெளிறிப்போனது.

“வந்தானா? எங்கிட்ட யாரும் சொல்லலியே.”

“அவர் பேரை வாயில எடுக்க நீங்க யாரை விட்டீங்க?”

தோன் லெயாந்த்ரோ அறிவிப்பை வரி வரியாகப் படித்தார். அடக்கத்துக்கு அழைப்பவர்கள்: மனைவி, மகள், மருமகன். அத்தோடு முடிந்திருந்தது.

“என் பேர் இல்லியே.”

“அந்தப் பொண்ணுக்கு எப்படிய்யா எழுதத் தோணும்?”

அவர் பென்சிலை எடுத்தார். மருமகனின் பெயருக்குக் கீழே ‘தம்பி லெயாந்த்ரோ’ என்று எழுத ஆரம்பித்தார். செனட்டர் இல்லை, தோன் என்ற மரியாதை அடைமொழியும் இல்லை. தாள் மேஜையில் நழுவியது. அவர் எழுதி முடிக்கும்வரை நேலிதா அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.