எத்தனையாவது ஆளிலிருந்து ஊர்?

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை 10.40. விடியற்காலையிலிருந்து நசநசவென்று மழை. குடையில் இருந்த இரண்டு ஓட்டைகளில் ஒன்று சரியாக என் விண்ணப்பத்தின் மேல் ஒழுகியது. கொக்கிரகுளத்துக் கலெக்டர் அலுவலக வராந்தாவில் எனக்கு முன்னால் ஒன்பது பேர். தச்சநல்லூரில் எங்கள் தெரு நலச்சங்கக் கட்டடத்தில், ஒரு ஞாயிறு பகலில், ஒரே ஒரு காட்சி, பழைய நகைச்சுவைப் படம் ஒன்றைப் போட அனுமதி கேட்டு நின்றேன்.

காரணம் என் மனைவி. முழங்கால்கள் இரண்டும் போனபிறகு தியேட்டரின் இருபத்தேழு படிகளை அவளால் ஏற முடியவில்லை. பெரிய டிவி வாங்கினேன். முன்பு தியேட்டரில் நாங்கள் பார்த்த படம் ஒருநாள் அதில் வந்தது. தியேட்டரில் அவள் முப்பத்தொரு தடவை சிரித்திருந்தாள். வீட்டில் மூன்று. முப்பத்திரண்டு வருடம் ரயில்வே பார்சல் ஆபீசில் மூட்டை எண்ணியவன் நான். எண்ணாமல் இருப்பதுதான் எனக்குச் சிரமம். மீதி இருபத்தெட்டும் எங்கே போயின? அவளையே கேட்டேன்.

“ஆளில்லாம எப்படிச் சிரிக்க? கிறுக்குன்னுல்லா நினைப்பிய.”

அதன்பின் அவள் படம் பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஆறு மாதமாக மாலை வேளைகளில் அணைந்த டிவிக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

பதினொன்றே காலுக்கு என் முறை வந்தது. பிரிவு எழுத்தர் ஒரு பெண்.

“எத்தன பேரு பாக்கப் போறாவ அண்ணாச்சி?”

“அறுபத்து மூணு.”

“அது என்ன அறுபத்து மூணு? நாயன்மாரா வாறாவ?”

இருபத்தொரு வீடு, வீட்டுக்கு மூன்று பேர் என்று விளக்கினேன்.

“சொந்தக்காரங்கள மட்டும் கூப்பிட்டு வீட்டுல போட்டா இங்கன வரவே வேண்டாமே. ஊருக்குக் காட்டுனாத்தான் லைசென்ஸ்.”

“எத்தனையாவது ஆளுலேருந்து ஊரு?”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “இப்படி ஒருத்தரும் கேட்டதில்ல.” கொஞ்சம் யோசித்தார். “எண்ணிக்கையில இல்ல அண்ணாச்சி. யாரு வேணும்னாலும் வரலாம்னு கதவு தொறந்து கிடந்தா ஊருதான். நாலே பேரு இருந்தாலும்.”

எண் ஒன்று கிடைக்காதது எனக்கு எரிச்சல். ஆனாலும் வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

நலச்சங்கச் செயலாளர் என் ஈர வேட்டியைப் பார்த்துச் சிரித்தார். “ஓய், இதுக்கா மழையில அலையுதீரு? உம்ம சொந்தக்காரங்களக் கூப்பிட்டு உம்ம மாடியில போடும். சோலி முடிஞ்சுது வே.”

அவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. நாற்பத்துநான்கு பேருக்குப் பட்டியல் எழுதி மனைவியிடம் நீட்டினேன். கடைசிப் பெயர்வரை படித்தாள்.

“இவ்வளவு பேரும் இருந்தா நான் வாயே தொறக்க மாட்டேன்.”

“ஏன்?”

“எதுக்குச் சிரிச்சேன்னு அடுத்த கல்யாண வீட்டுல சொல்லிக் காட்டுவாவ. ஒங்க அக்கா ஒருத்தி போதாதா? தெரியாத ஆளு இருக்கணும். இருட்டுல யாரு சிரிச்சான்னு தெரியக் கூடாது.”

நாற்பத்தொன்பது வருடத்தில் இது எனக்குப் புதுச் செய்தி. அவளுக்கு வேண்டியது ஊர். அப்படியென்றால் லைசென்ஸ் வாங்கித்தான் ஆகவேண்டும்.

தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் பார்வையிட வந்தார். இரண்டாவது கதவை மறைத்து நின்ற ஏழு அண்டாக்களை எடுக்கச் சொன்னார். ஓடும்போது இடறாமலிருக்க நாற்காலிகளை நாலு நாலாகச் சேர்த்துக் கட்டச் சொன்னார். கூடத்தை அளந்தார். “நாப்பத்தெட்டு. அதுக்கு மேல ஒரு தல கூடாது.”

“அதுல நானும் உண்டா?”

“ஒங்களுக்கும் தல இருக்குல்லா?”

மின் ஆய்வுக்கு நாலு நடை, கட்டடச் சான்றுக்கு மூன்று, படத்தின் உரிமையாளரிடம் கடிதம் வாங்க இரண்டு. மொத்தம் பதினான்காவது நடையில் லைசென்ஸ் கையில் வந்தது. ஒரு நாளுக்கு, ஒரு காட்சிக்கு.

தை மாதத்து ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. கதவைத் திறந்து வைத்து வாசலில் நின்றேன். என் மனைவியையும் சேர்த்துத் தெருவிலிருந்து நாற்பத்தொரு பேர் வந்தார்கள். திசையன்விளையிலிருந்து பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கு வந்திருந்த குடும்பம் ஒன்று எட்டிப் பார்த்தது. “சும்மாவா காட்டுதிய?” என்று கேட்டு நாலு பேரும் உள்ளே போனார்கள். அதில் ஒரு பருத்த அம்மாள் என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு முகம் தெரியாத இரண்டு பையன்கள். நாற்பத்தேழு. நான் நாற்பத்தெட்டு.

விளக்கை அணைக்கும் நேரத்தில் காய்கறிப் பையோடு ஒரு பெண் வந்து நின்றாள். “இடம் இருக்கா?” என்றாள். இல்லை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே அனுப்பிவிட்டு நான் படிக்கு இறங்கிவிட்டேன்.

வெளியே கேட்டது ஒரே மொத்தையான சிரிப்பு. அதில் அவளுடையதைப் பிரித்தெடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன். அவள் குனிந்து, முன்பின் தெரியாத அந்தப் பருத்த அம்மாளின் தொடையில் அடித்து அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சேர்த்துக் கட்டிய நாலு நாற்காலியும் குலுங்கின. நான் சத்தமில்லாமல் தலையை இழுத்துக்கொண்டேன். பார்ப்பது தெரிந்தால் நிறுத்திவிடுவாள்.

கட்டணங்கள், படத்துக்காரருக்கு, திரை, நாற்காலி, கயிறு, மணல் வாளி நாலு, பதினான்கு நடைக்கும் ஆட்டோ, பஸ். ஆகமொத்தம் பதினேழாயிரத்து அறுநூற்று நாற்பத்தெட்டு ரூபாய். அவள் எத்தனை தடவை சிரித்தாள் என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கில்லை.