மூடி வைத்த கோழி எரு

கல்யாணமாகி வந்த சித்தி, முதல் தடவை பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பிய அன்று பஸ்ஸின் மேலிருந்து ஒரு சாக்கு மூட்டையும் இறங்கியது. கிளியனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம் அவர்களுடையது. மல்லாட்டையாகத்தான், அதாவது வேர்க்கடலையாகத்தான் இருக்கும் என்று நான் மூட்டைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அம்மா முறத்தோடு வந்தாள். சித்தி கயிற்றை அவிழ்த்ததும் எழும்பிய நாற்றத்தில், அம்மா அந்த முறத்தாலேயே மூக்கை மூடிக்கொண்டாள்.

"கோழி எரு, அக்கா. எங்க ஊருல புதுசா பண்ணை வெச்சிருக்காங்க. அள்ளிக்கினு போன்னாங்க."

"எல்லாரும் பொறந்த வூட்டுலேர்ந்து மல்லாட்டை கொண்டாருவாங்க. எங்க வூட்டுக்கு வந்தவ கோழிப்பீ கொண்டாந்திருக்கா. இத நான் யார்கிட்ட போய் சொல்லுவேன்!"

மரக்காணத்தில் எங்கள் வீட்டு ஆண்கள் உப்பளத்தில் வேலை செய்தார்கள். வீட்டைச் சுற்றிப் பனையும் முள்ளும் தவிர வேறொன்றும் நிற்காது. காய்கறி என்றால் சந்தையிலிருந்து வாடி வதங்கி வருவதுதான். சித்தியால் அதைத் தாங்க முடியவில்லை. வீட்டின் பின்னால் ஏரி வண்டலைக் கொட்டி மேடாக்கி, கத்திரி நாற்று நட்டாள். கோழி எருவைச் சாம்பலும் சருகும் கலந்து மூலையில் குவித்து, தண்ணீர் தெளித்து, பனை ஓலை போட்டு மூடி வைத்தாள்.

சித்தியும் சித்தப்பாவும் எங்கள் எதிரில் பேசிக்கொள்ள மாட்டார்கள். இரண்டு பேருக்குமே கூச்சம். "சாப்புட வரச் சொல்லு" என்பதும் "சட்டை எங்கன்னு கேளு" என்பதும் என் வழியாகத்தான் போகும். இவர்களுக்குள் ஏதோ தீராத சண்டை என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தேன்.

ஆடி பிறந்ததும், புதுப்பெண்ணை அழைத்துப் போகச் சித்தியின் அண்ணன் வந்தார். தங்கச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உப்புக் காத்துல இப்பிடிக் கறுத்துப் போயிட்டியேம்மா" என்றார். புறப்படும் முன் சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கண்ணு, செடிக்கு நல்ல தண்ணிக் கெணத்துலேர்ந்துதான் ஊத்தணும். இந்த மண்ணுல ஒரு கத்திரிச்செடி நின்னுட்டா, நானும் இங்க நின்னுடுவேன்."

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அம்மா, "அந்த அண்ணன்காரன் மூஞ்சியப் பாத்தா திருப்பிக் கொண்டாந்து வுடுவான்னு தோணல" என்று அப்பாவிடம் சொன்னாள். சித்தப்பா கேட்டும் கேட்காதவர்போல் காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அன்று அவருக்குச் சோறு வைத்தபோது, சித்தி என்னிடம் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். பிசைந்த கை நின்றது.

"அப்பிடியா சொன்னா?"

மறுநாள் அளத்திலிருந்து வந்தவர் நேராகப் பின்பக்கம் போனார். உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாரிய உப்பைக் குவித்துக் காயவிட்டு, எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் ஓலையால் மூடுவார்கள். மூடிவிட்டால் லாரி வரவேண்டியதுதான் பாக்கி. சித்தப்பாவுக்கு அது ஒன்றுதான் தெரியும். மூடியிருக்கிறது, அப்படியானால் முடிந்த சரக்கு. ஓலையை விலக்கினார். உள்ளிருந்து ஆவி பறந்தது.

"பாத்தியா, எவ்ளோ சூடா இருக்குது! அத்தனையும் சத்து" என்று சொல்லி, ஒவ்வொரு செடிக்கும் கூடை கூடையாகப் போட்டார்.

கொஞ்ச நாளில் இலை ஓரமெல்லாம் நெருப்பில் காட்டியதுபோல் கருகியது. பாத்தியில் உப்புப்போல் வெள்ளையாகப் பொரிந்து பூத்தது. சித்தப்பா பழக்கதோஷத்தில் அதை விரலால் தொட்டு நாக்குவரை கொண்டுபோய், அது கோழி எருவில் கசிந்தது என்று நினைவு வந்து கையை உதறினார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஓடிப்போய் உப்பு வாரும் பலகையைக் கொண்டுவந்து, எருவை வழித்துத் தள்ளினார். அதன்பின் தினமும் தானே குடம் தூக்கினார். நல்ல தண்ணிக் கிணறு ஊர்க்கோடியில் இருந்தது. அங்கே பெண்கள் விடுவார்களா?

"ஏம்பா, பொண்டாட்டி ஊருக்குப் போனா கொடம் ஆம்பள இடுப்புக்கு வந்துடுமா?"

தலையைக் குனிந்தபடியே வருவார். ஆனாலும் செடி ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தது.

ஆடிக் கடைசியில் ஒரு மத்தியானம் மழை வந்தது. உப்புக் காலத்தில் மழை என்றால் எங்கள் தெருவுக்கே இழவு மாதிரி. எல்லோரும் அளத்துக்கு ஓடினார்கள். சித்தப்பாவும் ஓடி, உப்பு அம்பாரங்களுக்கு ஓலை போட்டுவிட்டுத்தான் வந்தார். அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். இனி உப்புப் பாத்தி காயும்வரை வேலை கிடையாது. சித்தப்பா மட்டும் பின்பக்கம் கத்திரிப் பாத்தி ஓரத்தில், கொட்டும் மழையில் நின்றுகொண்டு, வானத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"அளத்துல உப்பு கரையுது. இங்க ஒருத்தனுக்குப் பல்லு தெரியுது!" என்று அம்மா கத்தினாள்.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. சித்தப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைத்தேன்.

ஆவணியில் அண்ணன் சித்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையைக்கூட வைக்காமல் அவள் பின்பக்கம் போனாள். பாதிக்கு மேல் செடிகள் குச்சியாக நின்றன. மீதியில், அந்த மழை எருவின் சூட்டைக் கழுவிவிட்டதோ என்னவோ, அடிக்கட்டையிலிருந்து தளிர் விட்டிருந்தது. மழை கலைக்காத ஓரத்தில் உப்புப் பலகை இழுத்த தடம் நேர்கோடாகத் தெரிந்தது. நான் ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன். ஓலையைப் பிரித்தது, விரலை நாக்குக்குக் கொண்டுபோனது, குடம், மழையில் சிரித்தது, எல்லாம்.

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன், அம்மா, அப்பா எல்லோரும் நிற்கும்போதே, என்னை நடுவில் விடாமல், நேராகச் சித்தப்பாவைப் பார்த்துப் பேசினாள்.

"அது வேவாத சோறுங்க. மக்கி ஆறுன பொறவுதான் போடணும். மூடி வெச்சிருந்தா வெந்துடுச்சின்னு அர்த்தமா?"

"எங்க ஊருல மூடி வெச்சா முடிஞ்சதுன்னு அர்த்தம்" என்றார் சித்தப்பா, தரையைப் பார்த்தபடி. "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல."

"நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல."

அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார். அம்மா பயந்ததுபோல் தங்கச்சியைத் திரும்பக் கூப்பிடவே இல்லை.

மூலையில் மிச்சமிருந்த எரு அதற்குள் கறுத்துப் பொலபொலவென்று ஆகியிருந்தது. நாற்றம் போய் மண்வாசனை வந்திருந்தது. சித்தி அதைக் கைப்பிடி கைப்பிடியாக, செடியின் மேல் படாமல் தள்ளித் தள்ளிப் போட்டாள். கொஞ்ச நாளில் ஊதாப் பூ பூத்தது. ஒரே ஒரு காய் முதலில் பிடித்தது. அதைத் தொடக்கூடாது என்று தினமும் நான்தான் காவல்.

அந்தக் காயைக் கருவாட்டுக் குழம்பில் போட்டார்கள். நான் தட்டை வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன். சித்தி சொன்னபடி முதலில் தண்ணீர் ஊற்றியவளும், காய்க்குக் காவல் இருந்தவளும் நான். செடியைக் கருக்கியவர் சித்தப்பா. சித்தி அந்தக் காயை முழுசாக எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

நியாயமே இல்லை என்று அன்றைக்கெல்லாம் நான் சித்தியோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை.