சித்தப்பாவின் சுண்ணாம்பு டப்பி

லான்மடாவ் தெருவில், கடை வாசலில் கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்தக் குதிரைப் படம் வந்தது. உடல் கோடுகளாகவும் கால்கள் புள்ளிகளாகவும் சிதறிய குதிரை. ரோமர் வருவதற்கு முன் ஐரோப்பாவில் வாழ்ந்த கெல்ட் மக்கள், மாசிடோனிய அரசரின் காசைப் பார்த்து அடித்த வெள்ளிக் காசாம்.

கழுத்து குறுகுறுத்தது. சிறுவயதில் நான் எதற்கெடுத்தாலும் பயப்படுவேன் என்று, துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா, ஒரு கப்பல்காரன் கொடுத்த இதே மாதிரிக் காசைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கட்டியிருந்தார். வியர்வையில் கயிறு புளித்து மணக்கும். காசு மட்டும் நெஞ்சில் சில்லென்றிருக்கும். அதைப் பிடித்தால்தான் தூக்கம் வரும்.

அப்பா இறந்த வாரமே சித்தப்பா கயிற்றை அறுத்தார்.

“குதிரையாடா இது? காலொடிஞ்ச தவளை! உருக்கினா என் சுண்ணாம்பு டப்பிக்கு மூடியாவது ஆகும்.”

அழுதேன். சிரித்தார்.

அந்த மூடியைத் திறந்துதான் இப்போதும் பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். வயசான மனுஷர், இதைக் கேட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்று பயம்தான். இருந்தும் படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, கீழே எழுதியிருந்த எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன்.

“ரெண்டாயிரம் வருஷத்துக் காசா?”

“ஆமா சித்தப்பா. உங்க தவளைதான்.”

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெற்றிலை வாய்க்குப் போகவில்லை. நான் இன்னொரு முறை, மெதுவாக, முதலிலிருந்து படித்தேன்.