கூடுதலாகத் தெரிந்த எண்ணெய்

எனக்கு இடது கால் சரியில்லை. மூன்று வயதில் வந்த போலியோ. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் காரைப் பற்றிச் சொல்ல முடியும். எழுபதுகளின் தொடக்கத்தில், கிழக்குத் தாம்பரத்தில், ஒரு சாதாரண அரசாங்கக் குமாஸ்தாவின் வாசலில் படகு மாதிரி நீளமாக ஓர் அமெரிக்கக் கார் நின்றால் ஊர் சும்மா இருக்குமா? லஞ்சப் பணம் என்றார்கள். அப்பன் சொத்து என்றார்கள். விஷயம் இவ்வளவுதான்: அந்தக் காரில் கிளட்ச் கிடையாது. கியர் தானாக மாறிக்கொள்ளும். ஓட்டுவதற்கு வலது கால் ஒன்று போதும்.

வேலை முடிந்து ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரிடமிருந்து அதை வாங்கினேன். அப்போதே அதற்குப் பதினைந்து வயது. டிக்கியில் கியர் பெட்டிக்கென்றே ஒரு சிவப்பு எண்ணெய், டின் டின்னாக, உடைக்காமல் இருந்தது. கூடவே ஒரு கையேடும் கொடுத்தார். "படித்துப் பாருங்கள்" என்று இரண்டு தடவை சொன்னார். நான் யார் சொல்லி எதைக் கேட்டிருக்கிறேன்?

என் சுபாவம் அப்படி. பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரயில்வே மேம்பாலத்தில் எவனாவது "மெதுவா சார்" என்று முழங்கையைப் பிடித்தால் உதறிவிடுவேன். இப்படி உதறி உதறி, நாற்பது வயதுக்குள் என்னிடம் பேச ஆளே இல்லாமல் செய்துகொண்டேன். பால்காரர் பேசுவார். ஆபீசில் ஃபைல் கொண்டுவருகிற பியூன் பேசுவார். மற்றபடி இரண்டு அறை வீட்டில் நானும் ரேடியோவும்தான். ரேடியோவோடும் சண்டை போட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு. சர்ச் முடிந்ததும் ஒரு டீச்சரை அஸ்தினாபுரத்தில் அவர் குடியிருந்த வீட்டில் கொண்டுபோய் விடுவேன். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பாடகர் குழுவில் இரண்டாவது வரிசையில் நின்று பாடுவார். தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்; ஒரு வீட்டின் பின்பக்க அறையில் தனியாக வாடகைக்கு இருந்தார். ஒரு மழை நாளில் பஸ் வராமல் நனைந்துகொண்டு நின்றவரை ஏற்றிக்கொண்டேன். அடுத்த வாரம் மழை இல்லை, இருந்தும் ஏறிக்கொண்டார். அப்படியே நாலு வருஷம். வாரத்துக்கு இருபது நிமிஷம். முன்சீட்டில்தான் உட்காருவார். எனக்குக் கதவு திறந்துவிட மாட்டார், ஊன்றுகோலை எடுத்துத் தர மாட்டார், நான் ஏறி உட்காருகிறவரை காத்திருப்பார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்ன, ஆசைப்பட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை விட்டு இறங்கும்போது சொன்னார்: "எத்தியோப்பியாவுல வேலை கிடைச்சிருக்கு சார். ரெண்டு வருஷ கான்ட்ராக்ட். அடுத்த மாசம் கிளம்பறேன்."

"நல்லது டீச்சர்" என்றேன். நல்லதாம்!

"மீனம்பாக்கத்துக்கு நீங்க கொண்டுவந்து விடுவீங்களா? எனக்கு வேற யாரும் இல்ல."

விடுகிறேன் என்றேன். வீட்டுக்கு வருகிற வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். அந்தக் கடைசிப் பயணத்தில் கேட்டுவிட வேண்டும். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்ததும் என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறீர்களா என்று நேராகக் கேட்க வேண்டும். வேறு எங்கேயும் எனக்கு வாய் வராது. அந்தக் காரில், ரோட்டைப் பார்த்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னால்தான் வரும்.

அந்த மாதம் பார்த்துத்தான் கியர் வழுக்க ஆரம்பித்தது. மிதித்தால் எஞ்சின் கத்தும், வண்டி யோசித்து யோசித்து நகரும். தாம்பரத்து மெக்கானிக் கடையில் கேட்டால், "இது நமக்குப் பழக்கமில்லாத வண்டி சார், மவுண்ட் ரோடு பக்கம் கொண்டுபோங்க" என்றார்கள். மவுண்ட் ரோட்டில் கொண்டுபோய் விட்டால் பதினைந்து நாள் ஆகும். நாள் இல்லை. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கையேட்டைப் பிரித்தேன். பழைய எண்ணெயை முழுக்க எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும் என்று போட்டிருந்தது. சரி, இது ஒரு வேலையா?

விமானம் திங்கட்கிழமை. சனிக்கிழமை காலையில் முன்சக்கரங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, கருங்கல் முட்டுக் கொடுத்து, கோணிப்பையை விரித்து வண்டிக்கு அடியில் ஊர்ந்து போனேன். மடங்காத காலோடு காருக்கு அடியில் படுப்பது எப்படி என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நட்டைக் கழற்றினதும் எண்ணெய் கொட்டியது. சிவப்பாக வர வேண்டியது, ஆறின காப்பி டிகாக்ஷன் மாதிரி வந்தது. தீய்ந்த நாற்றம் வேறு. அடியில் கிடந்தபடியே, "அடப்பாவி, இவ்வளவு நாள் இதை வைத்துக்கொண்டா ஓடினாய்?" என்று வண்டியைத் திட்டினேன்.

ஒரு தடவை வடித்தால் பாதிதான் வரும். மீதி உள்ளே எங்கேயோ ஒளிந்திருக்கும். அதனால் புதியதை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, கியரை முன்னும் பின்னும் போட்டுப் பார்த்து, மறுபடி வடித்து, மறுபடி ஊற்றி, இப்படியே மூன்று முறை செய்தேன். மூன்றாவது தடவை எண்ணெய் ரோஸ் சர்பத்தாக வந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. சாயங்காலம் சேலையூர் வரை போய்த் திரும்பினேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. ஒரு நல்ல சட்டையையும் டையையும் தேடி எடுத்து இஸ்திரி போட்டு வைத்தேன்.

திங்கட்கிழமை காலை அந்தத் தப்பைச் செய்தேன்.

அந்த நாளில் கார் வைத்திருந்த ஒவ்வொருவரும் காலையில் முதல் வேலையாகச் செய்தது ஒன்றுதான். வண்டியைக் கிளப்புவதற்கு முன், எஞ்சின் சில்லென்று இருக்கும்போது, ஆயில் கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து அளவு பார்ப்பார்கள். எஞ்சினை ஓட விட்டுப் பார்க்கிறவன் விவரம் கெட்டவன். டாக்சிக்காரர்கள் இதைச் சாமி கும்பிடுவதற்கு முன்பே செய்வார்கள். நானும் அதையே கியர் பெட்டியின் கம்பிக்குச் செய்தேன். எண்ணெய், கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை ஏறி நின்றது. ஐயோ, கூடுதலாக ஊற்றிவிட்டோமே, வழியில் சீல் பிய்த்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பயந்துபோய், இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி அடியில் ஊர்ந்தேன். கோட்டுக்குச் சரியாக வரும்வரை வடித்தேன். கையேட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். எண்ணெய் பார்க்க எனக்குப் புத்தகம் சொல்லித் தரணுமா என்கிற திமிர்.

டீச்சர் வாசலில் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு தோல் பையுமாகத் தயாராக நின்றார். நீலப் புடவை. என் டையைப் பார்த்து லேசாகச் சிரித்தார். குரோம்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. காத்துக்கொண்டிருந்தோம். இதுதான் சமயம் என்று தொண்டையைச் செருமினேன்.

"சொல்லுங்க சார்" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. ரயில் போகட்டும்" என்றேன்.

ரயில் போனது. கேட் திறந்தது. நான் மிதித்தேன். எஞ்சின் கத்தியது, வண்டி நகர யோசித்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். எப்படியோ உருட்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறிவிட்டேன். பல்லாவரம் வருவதற்குள் சட்டை முழுக்க வேர்வை. கேட்க வேண்டியதெல்லாம் மறந்து, எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். பல்லாவரம் தாண்டியதும் அடியோடு நின்றது. எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் அசையவில்லை.

ஐந்து நிமிஷம் பார்த்தோம். பிறகு டீச்சரே இறங்கி ரோட்டோரம் நின்று ஒரு காலி டாக்சியை நிறுத்தினார். டாக்சிக்காரர் பெட்டியை எடுத்து வைத்தார். டீச்சர் டாக்சியின் பின்கதவைத் திறந்து பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"நீங்களும் வாங்க சார்."

"வண்டியை ரோட்டுல விட்டுட்டு எப்படி டீச்சர் வர்றது?"

ஓடாத வண்டியை எவன் ஓட்டிக்கொண்டு போவான்? இந்தச் சின்னக் கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியதெல்லாம் அவமானம்தான். நாலு வருஷம் நான் ஓட்டி அவரை உட்கார வைத்துக் கொண்டுபோனேன். இன்றைக்கு அவர் பிடித்த டாக்சியில் நொண்டி நொண்டிப் போய் ஏறுவதா?

அவர் கதவை விடவில்லை. "இன்னாம்மா, போலாமா?" என்றார் டாக்சிக்காரர். டீச்சர் இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு, "போகலாம்" என்று சொல்லி ஏறிக்கொண்டார். நான் கையைக்கூட ஆட்டவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு டூரிஸ்ட் கார் எனக்கு முன்னால் வந்து நின்றது. அதுவும் என்னுடையது போலப் பெரிய அமெரிக்கக் கார். காக்கிச் சட்டை போட்ட டிரைவர் இறங்கி வந்தார்.

"இன்னா சார், நடுவுல நின்னுக்கினு கீது? ஆயிலு பாத்தியா?"

"காலைலதான் பார்த்தேன். கோட்டுக்குச் சரியா இருந்தது."

"எஞ்சின ஓட வுட்டுப் பாத்தியா, நிறுத்திட்டுப் பாத்தியா?"

"நிறுத்தித்தான். எல்லாரும் அப்படித்தானே பார்ப்பாங்க?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அட இன்னா சார் நீ! இது இன்னா அம்பாசிடரா? எஞ்சின் நின்னா உள்ள கீற ஆயிலு பூரா கீழ எறங்கிடும், கம்பில ஜாஸ்தியாத்தான் காட்டும். இந்தக் கியரு ஆயில எஞ்சின் ஓடிக்கினு இருக்கசொல்லத்தான் பாக்கணும். ஜாஸ்தின்னு வடிச்சிட்டியா?"

வடித்துவிட்டேன் என்றேன். அவர் தன் டிக்கியிலிருந்து ஒரு டின்னும் புனலும் கொண்டுவந்தார். எஞ்சினை ஓடவிட்டு ஊற்றினார், கம்பியைப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் ஊற்றினார். "போட்டுப் பாரு சார்" என்றார். போட்டேன். வண்டி சமர்த்தாக நகர்ந்தது.

"எங்க போவணும்?"

"ஏர்போர்ட் போகணும்னு வந்தேன்."

"தோ கீது சார், அஞ்சு நிமிசம். போ போ."

கடிகாரத்தைப் பார்த்தேன். விமானம் கிளம்ப இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. இந்நேரம் உள்ளே போயிருப்பார், இனிமேல் போய் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. வேர்வைச் சட்டையோடு போய் நின்று, வண்டி சரியாகிவிட்டது, தப்பு என்னுடையதுதான் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காரைத் திருப்பினேன். தாம்பரம் வரை ஒரு தடவைகூட வழுக்கவில்லை. அன்றைக்கு வீட்டில் விளக்குப் போடக்கூட எனக்குத் தோன்றவில்லை. அழுதேன். அழுததை இப்போதுதான் முதல் முறையாகச் சொல்கிறேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஓர் ஏர்மெயில் வந்தது. பள்ளிக்கூடம், குளிர், அங்கே கிடைக்கும் புளித்த ரொட்டி என்று இரண்டு பத்தி எழுதியிருந்தார். பிறகு இப்படி:

"அன்றைக்குப் பம்பாய் விமானம் மூன்று மணி நேரம் தாமதம் சார். உள்ளே போகாமல் வெளி வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். பெரிய கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தேன்."

அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். நான் பதில் எழுத ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். பக்கம் நிறைய எழுதினேன். கியர் எண்ணெயை எஞ்சின் ஓடும்போதுதான் பார்க்க வேண்டுமாம், நிறுத்திப் பார்த்தால் கூடுதலாகக் காட்டுமாம், அது தெரியாமல் வடித்துவிட்டேன், இப்போது வண்டி நன்றாக ஓடுகிறது என்று விளக்கமாக எழுதினேன். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை.

அதற்குப் பதில் வரவில்லை. எண்ணெயைப் பற்றி எழுதின கடிதத்துக்கு யார் பதில் எழுதுவார்கள்?